உன் பெயரைச் சொல்ல வைக்காதே

சிபாடா,
மார்ச் மாதம், மக்காச்சோளம் முற்றும் நேரம்.

என் தாத்தாவிடமிருந்து தப்பி ஓடிய அடிமையின் பேரனுக்கு, குரங்குதின்னிக்கு, கசாமாக் காட்டில் புழு பொறுக்கி உடம்பு வளர்க்கிறவனுக்கு,

உன் எஜமான் யோத்தாமு ஜெரே சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம். என் மனைவி எலினா நலம். மாடுகள் நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதுகிறவர் எம்பேவே. கோர்ட்டில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்புள்ள நண்பருக்கு என்று தொடங்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, மேலே இருப்பதைச் சொன்னேன். "என்ன பெரியவரே, நோயில கிடக்கிற மனுஷனுக்கு இப்படியா எழுதுறது?" என்றார். அவன் பெம்பா, நான் அங்கோனி, ஒருவரையொருவர் திட்டுவதுதான் எங்கள் முறை என்றேன். "அதை முதல்லயே சொல்லக் கூடாதா!" என்று பேனாவை உதறிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். உறைமேல் மட்டும் உன் பெயர் இருக்கும், தபால்காரன் பாவம் என்பதற்காக. உள்ளே வராது. நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். மூன்று முறை கூப்பிட்டேன். முதல் முறை சிரித்தாய். இரண்டாம் முறை, "தின்ன எலி செரிக்கலையா மச்சான்?" என்று கேட்டுவிட்டு வைத்தாய். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. காகிதத்தின் குறுக்கே நீ பேச முடியாது. கிட்வே சுரங்கக் குடியிருப்பில் எலினாவுக்கு நான் சொன்ன கடிதங்களையெல்லாம் பன்னிரண்டு வருஷம் நீதான் எழுதினாய். நான் சொல்லாததையும் சேர்த்து எழுதினாய். 'உன் புருஷன் அம்மாவைக் கேட்டு அழுகிறான், உடனே ஒரு கூடை எலி அனுப்பு' என்று நீ எழுதியதை அவள் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். எம்பேவே அப்படியில்லை. ஒரு வசவைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவி புவல்யா எலினாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மேல் பாயாதே. உன் சட்டையைத் துவைக்கிறவள் அவள். இடது பக்கப் பைக்குப் பின்னால் ஆறு மாதமாகப் பழுப்பாக ஒரு கறை. பேனா மை என்றாயாம். மை சட்டைக்கு உள்பக்கமிருந்தா கசியும், படித்த மேதாவியே? அதற்குப் பிறகு உள்ளே துணியை மடித்து வைத்துக்கொள்கிறாயாம். ஆற்றில் மற்ற ஆண்களோடு குளிப்பதில்லையாம். பிப்ரவரியில் எங்கள் முதல் விளைச்சல் திருவிழாவுக்கும் நீ வரவில்லை, முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினாய். எங்கள் மன்னர் முன்னால் நின்று எங்களைத் திட்டுவதற்காகவே முப்பது வருஷம் பஸ் மாறி பஸ் ஏறி வந்தவன் ஒரு முழங்காலுக்காகவா வீட்டில் இருப்பான்? பொய் சொல்வதில்கூட உனக்குத் திறமை போய்விட்டது.

அது என்னவென்று உனக்குத் தெரியும். என் உடம்பில் அதை முதலில் கண்டுபிடித்தவனே நீதான்.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. நம் மேஸ்திரி சின்கலாவின் சாவு, இரண்டரை வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. குழி தோண்டி முடித்துச் சட்டையைக் கழற்றி, வாளித் தண்ணீரில் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தோம். நீ என் மார்பை உற்றுப் பார்த்தாய். பிறகு அழுதுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாய்: "வாங்கடா, வந்து பாருங்கடா! எலிதின்னி வயசுக்கு வந்துட்டான்! அதுலயும் ஒரு மொலை தொப்புள் மாதிரி உள்ள போயிருக்கு. அங்கோனிக்காரனுக்கு எதையும் உருப்படியா வளர்க்கத் தெரியாது!" சின்கலாவின் விதவைகூடத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குத்தானே நம் போன்ற கேலிமுறைக்காரர்களைச் சாவு வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

சிறிது நேரம் கழித்து என்னை லாரிக்குப் பின்னால் இழுத்துப் போனாய். குரலைத் தாழ்த்தினாய். "டேய், இப்ப நிஜமாச் சொல்றேன். காம்பு உள்ள இழுத்துக்கிட்டா நல்லதுக்கில்ல. அடியில கட்டி இருக்கும். டாக்டர்கிட்ட காட்டு" என்றாய். சுரங்கத்துக்குள் முதலுதவிப் பெட்டி தூக்கியவன், கம்பெனி ஆஸ்பத்திரியில் பாடம் கேட்டவன். இதையே வேறு யார் சொல்லியிருந்தாலும் மறுநாள் போயிருப்பேன். சொன்னவன் நீ.

நீ என்னிடம் இதுவரை என்னென்ன சொல்லியிருக்கிறாய்? எலினா தையல்காரனோடு ஓடிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறாய். என்னைப் போலீஸ் தேடுகிறது என்று சொல்லி ஒரு பகல் முழுக்கக் கக்கூஸில் ஒளிய வைத்திருக்கிறாய். குரலைத் தாழ்த்தத் தாழ்த்தத்தான் உன் பொய் பெரிதாகும். நம் முறையில் கோபப்பட்டவன் ஒரு ஆடு தர வேண்டும், நம்பி ஏமாந்தவன் ஊர் சிரிக்கத் தலைகுனிய வேண்டும். நான் இரண்டுக்கும் தயாராக இல்லை. "குரங்குக்கு ஆட்டுக்கறி கேக்குதோ?" என்று உன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். எட்டு மாதம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதில் முட்டாள் யார் என்று எம்பேவே கேட்கிறார். நான்தான். எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இத்தனைக்கும் எனக்கு ஒரு பாடம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. சுரங்கத்தில் ஒரு நாள் நான் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது, கூரைப் பாறை விரிகிறது, விலகு என்று கத்தினாய். நான் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன். நீ இரண்டாம் முறை கத்தவில்லை. காலைப் பிடித்து இழுத்தாய். டப்பா இருந்த இடத்தில் பாறை விழுந்தது. எனக்கு முன்பல் இரண்டு போயிற்று. பல்லோடு புத்தியும் போய்விட்டது என்று நீ ஊர் ஊராகச் சொன்னாய். உண்மைதான் போலிருக்கிறது.

அது வலிக்காது. அதுதான் அதன் களவாணித்தனம். காம்புக்கு அடியில் ஒரு நிலக்கடலை, தோல் உரித்தது போல, ஆனால் கல். வலிக்காத எதையும் நான் நோய் என்று எண்ணியதில்லை. அடுத்த ஏப்ரலில் மாதா கோயில் வளாகத்தில் பெண்களுக்கு மார்பு சோதிக்கிறார்கள் என்று எலினாவை அழைத்துப் போனேன். நமுகோலோ என்று ஒரு நர்ஸ், மேற்கு மாகாணத்துப் பெண், ஆண்களுக்கும் இது வரும், அபூர்வமாக வரும், அதனாலேயே தெரியாமல் சாகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தாள். எலினா எழுந்து நின்றாள். "சிஸ்டர், இந்த ஆளும் ஒண்ணு வச்சிருக்காரு. எட்டு மாசமாச்சு. கேட்டா, குரங்குதின்னி கிண்டலுக்குச் சொன்னதுங்கறாரு!" என்றாள். அறுபது பெண்கள் பெஞ்சு ஆடச் சிரித்தார்கள். எங்கள் முன்னோர் ஈட்டியோடு ஜாம்பேசி ஆற்றைக் கடந்தவர்கள். நான் அறுபத்தொன்றாவது ஆளாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர்களிடம் இருந்த படிவம் பெண்களுக்கென்று அச்சடித்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். எட்டு என்றேன். "எத்தனைக்குத் தாத்தா பால் குடுத்தீங்க?" என்றாள். ஒன்றுக்கும் இல்லை, நான் கஞ்சன் என்றேன். சிரிக்காமல் பூஜ்ஜியம் போட்டாள். சிரிக்காத முகத்தோடு விரல்களை வைத்து அழுத்தினாள். அக்குளிலும் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், லாரிக்குப் பின்னால் நீ நின்ற நிற்பு எனக்கு ஞாபகம் வந்தது.

இனி நான் சொல்வதைக் கவனி, இதெல்லாம் உனக்கும் நடக்கப் போகிறது. லுசாகா பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்துப் புகையிலைப் பொதியை அமுக்குவது போல அமுக்கிப் படம் எடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் சதை கொடுங்கள் என்பார்கள். உனக்குக் கவலையில்லை, புழு தின்று வளர்த்தது நிறைய இருக்கிறது. பிறகு பசை தடவி, உருட்டி உருட்டி இன்னொரு படம். அப்புறம் ஊசி. அதற்கு முன் மரத்துப்போக மருந்து போடுவார்கள். ஊசி 'டப்' என்று சத்தம் போடும், அவ்வளவுதான். நான் துள்ளினேன். நீ கத்துவாய். ஒரு துணுக்குச் சதையை எடுத்து அனுப்பி, மூன்று வாரம் காக்க வைத்தார்கள். அந்த மூன்று வாரம்தான் நோய், மற்றதெல்லாம் வைத்தியம்.

புற்றுநோய்தான் என்று டாக்டரம்மா சொன்னார். என் பேத்தி வயதுதான் இருக்கும். "ஆம்பளைக்கும் அந்தச் சதை துளியூண்டு இருக்கு தாத்தா. துளி இருந்தா போதும், அதுக்கு. ஆனா உங்களுக்கு இன்னும் பரவல. சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க" என்றார். எட்டு மாதம் தூங்கிவிட்டு வந்தேன் என்று சொன்னேன். "அப்போ உங்க நல்ல நேரம். எல்லாருக்கும் அது அமையாது" என்றார். இந்த வரிக்குக் கீழே கோடு போடும்படி எம்பேவேயிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூனில் அறுத்தார்கள். அந்தப் பக்கத்துச் சதையைக் காம்போடு எடுத்துவிட்டு, அக்குளில் இரண்டு முடிச்சை எடுத்துப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு குழாயும் புட்டியும் தொங்கவிட்டு ஒரு வாரம். இப்போது தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம். பெண்களுக்குச் சுரக்கும் ஏதோ ஒன்று ஆண்களுக்கும் கொஞ்சம் சுரக்கிறதாம், என் கட்டி அதைத் தின்றுதான் வளர்ந்ததாம், மாத்திரை அதற்குச் சோறு போடாமல் நிறுத்துமாம். அதைப் போட்டால் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. தனக்கு ஐம்பது வயதில் வந்தது எனக்கு இப்போது வருகிறது என்று எலினா விசிறிவிட்டுக்கொண்டே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உயிரோடு இருக்கிறவனைப் பார்த்துத்தானே சிரிக்கிறாள்.

வார்டில் எனக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர். உன்னைப் போலப் படித்தவர், உன்னைப் போலவே கழுத்துவரை பட்டன் போடுகிறவர். அவருக்கும் இதேதான். இரண்டு வருஷம் துணி மடித்து வைத்து மறைத்திருக்கிறார். பெண்கள் வியாதி வந்த ஆள் என்று ஊர் சொல்லுமாம். மனைவியிடம் பூச்சிக்கடி என்றாராம், வைத்தியனிடம் போய்க் கீறிக்கொண்டு மூலிகைச் சாம்பல் தேய்த்தாராம். புண் வெடித்து, எலும்பில் ஏறிய பிறகு வந்தார். டாக்டரம்மாவால் வலிக்குத்தான் மருந்து கொடுக்க முடிந்தது. என்னிடம், "உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். ஒரு குரங்குதின்னி, சாவு வீட்டில், நூறு பேர் முன்னால் என்றேன். "எனக்கு அப்படி யாரும் இல்ல" என்றார். அடுத்த வாரம் அந்தக் கட்டில் காலி. எவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்?

இப்போது நான் சொல்லப் போவதை நீ யாரிடமும் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் மறுப்பேன்.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியபோது என்னைச் சுற்றிக் குசுகுசுப்புத்தான். நான் போனால் பேச்சு நிற்கும். மார்பில் ஏதோ, பெண் வியாதி, சாபம், என்றெல்லாம். நான் சட்டையைக் கழற்றுவதை நிறுத்திவிட்டேன். போன வருஷத் திருவிழாவில் எல்லோரும் தோலாடை கட்டி, மார்பு திறந்து ஆட வேண்டியபோது, நான் கோட்டுப் போட்டு ஓரமாக நின்றேன். நீ பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து, எல்லோர் முன்னாலும் என் கோட்டை உருவினாய். "பாருங்க உங்க மாவீரனை! ஒத்தை மொலையையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறான்! எங்க தாத்தாக்களைக் கண்டு ஓடும்போது விழுந்திருக்கும்!" என்று கத்தினாய். மைதானமே சிரித்தது. மன்னர் பக்கத்தில் இருந்த கிழவர்கள் சிரித்தார்கள். நான் அந்தத் தழும்போடு ஆடினேன். அன்றைக்குப் பிறகு யாரும் குசுகுசுக்கவில்லை. நீ கத்திச் சொல்லிவிட்டதால் குசுகுசுக்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த மாதம் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர், கிழவர்கள், என்னிடம் வந்து சட்டையைத் தூக்கிக் காட்டி, இது அதுவா என்று கேட்டார்கள். ஒருவருக்கு வெறும் கொழுப்பு. இன்னொருவர் இப்போது என்னோடு மாத்திரை போடுகிறார்.

உனக்கு அங்கே என்ன குறை என்று எனக்குத் தெரியும். கசாமா முழுக்க பெம்பாக்கள். உன் சட்டையைப் பிடித்து உருவ அங்கே ஒரு அங்கோனி இல்லை. மரியாதையாலேயே உன்னைக் கொன்றுவிடுவார்கள்.

இன்னொன்றும் தெரியும். உன் அக்கா சிலுஃப்யா. பெரு மழையில் பாலம் அடித்துப்போன வருஷம், மாற்று லாரியில் அவளைக் கிட்வேக்குக் கொண்டுவந்தார்கள். நீயும் நானும்தான் இறக்கினோம். அவள் மார்பைச் சுற்றி மஞ்சள் துணி. நாற்றத்துக்கு யூக்கலிப்டஸ் இலை வைத்திருந்தார்கள். ஒன்பது நாள் இருந்தாள். உன் பாட்டியும் அப்படித்தான் போனாள் என்று அன்றைக்கு நீதான் சொன்னாய். நீ வெட்கப்படவில்லை, பயப்படுகிறாய். தொட்டுப் பார்த்ததும் உனக்கு அந்த மஞ்சள் துணி தெரிந்திருக்கும். ஆனால் மடையா, அவள் கடைசியில் வந்தாள். அந்த வித்தியாசம் ஒன்றுதான் அவளுக்கும் எனக்கும். ரத்த சொந்தத்தில் பெண்களுக்கு இது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்பார். சிலுஃப்யாவைச் சொல், பாட்டியைச் சொல். ரத்தத்தில் இறங்கி வருவதும் உண்டாம். உனக்கு நான்கு மகள்கள். நீ வாயை மூடிக்கொண்டு செத்தால் அவர்களுக்கும் சேர்த்து மூடிவிட்டுப் போகிறாய்.

ஆகவே: கசாமா ஆஸ்பத்திரியில் மார்பைக் காட்டி ஒரு சீட்டு வாங்கு. திங்கள் மாலை பஸ் ஏறு. புவல்யாவை அழைத்து வா. மாற்றுச் சட்டை எடுத்துக்கொள், முன்பக்கம் பட்டன் உள்ளதாக, அறுத்த பிறகு கையைத் தூக்க முடியாது. ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை காலை லுசாகா பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். நர்ஸ் நமுகோலோ டாக்டரம்மாவிடம் பேசிவிட்டாள். உன்னைக் கண்டதும் நான் கத்தப் போவதைக் கேட்டு பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும். சட்டையையும் உருவுவேன். பிடித்து இழுக்க இங்கிருந்து உன் கால் எனக்கு எட்டவில்லை, அதனால்தான் இத்தனை பக்கம்.

வராவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்.

உன் சாவில் எனக்குள்ள வேலை உனக்குத் தெரியும். உன் குழியில் இறங்கிப் படுத்துக்கொண்டு, ஆடு தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க வேண்டும். பெட்டியைத் தட்டி, சோம்பேறி, வேலை நேரத்தில் தூங்குகிறான் பார் என்று கத்த வேண்டும். உன் மகள்கள் அழுதுகொண்டே சிரிக்க வேண்டும். நாற்பத்தெட்டு வருஷமாக அந்த வசவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல வசவுகள்.

இதை ஒளித்து வைத்து நீ செத்தால் அதில் ஒன்றுகூட உனக்குக் கிடையாது. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவேன். பெண்களோடு தரையில் உட்காருவேன். எல்லோர் முன்னாலும் அழுவேன். இவர் நல்ல மனிதர் என்று சொல்வேன். எழுந்து நின்று, மரியாதையாக, உன்னை முழுப் பெயர் சொல்லி அழைப்பேன். ஒரு அங்கோனியிடமிருந்து ஒரு பெம்பாவுக்கு அப்படியொரு அவமானம் கிடைத்ததாக இந்த நாட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியில் ஒரு ஆசி வைக்கலாமே என்கிறார் எம்பேவே. வைக்கட்டும். உன் நாக்கு என் நாக்கைவிட ஒரு நாளாவது கூடுதலாக வாழட்டும். என் குழியில் இறங்கிப் படுக்கிறவன் நீயாக இரு.

செவ்வாய்க்கிழமை. பஸ் நிலையம். குரங்குதின்னியே, வந்துவிடு. என்னை உன் பெயரைச் சொல்ல வைக்காதே.

இப்படிக்கு,
உன் எஜமான், எலிதின்னி,
யோத்தாமு ஜெரே
(இடது கைப் பெருவிரல் ரேகை)